ஆணியில் தொங்கிய பிரேக்: ஒரு பழைய கோல்ஃப் வண்டியோடு ஐந்து மாதம்

சீட்டுக்கடியில் இருந்து புகை வந்தபோது வண்டியில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள், பின்னால் ஐந்து பெட்டிகள். கேட்டுக்கும் பங்களாவுக்கும் சரிபாதி வழியில், இரண்டாவது வளைவில். மழைத்தூறல், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி. ஓட்டிக்கொண்டிருந்த பையன் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது, ஆனால் நிற்கவில்லை. மெதுவாகப் பின்னால் நழுவியது. பின்னாலேயே நடந்து வந்துகொண்டிருந்த பங்களா அப்பு பாதையோரம் கிடந்த கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்திராவிட்டால் கதை வேறு. அப்பு சின்ன வயதில் லொறியில் கிளீனராக இருந்தவர். கை தானாகப் போயிருக்கிறது.

அந்தப் புகைக்குக் காரணம் நான். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் அந்த வண்டியை "சரி செய்து" கொடுத்திருந்தேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில், நானுஓயாவுக்கும் தலவாக்கலைக்கும் இடையில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனால் ஒரு பழைய தொரை பங்களா, இப்போது ஹோட்டல். கேட்டிலிருந்து வாசல் வரை 350 மீட்டர், ஏற்றம் 30 மீட்டர். கல் பாவிய பாதை, வளைவுகள் இறுக்கம், வேன் திரும்பாது. விருந்தாளிகளையும் பெட்டிகளையும் மேலே ஏற்ற 2022-இல் கொழும்புப் பக்கம் ஏலத்தில் ஒரு பழைய கோல்ஃப் வண்டி எடுத்தார்கள். பங்களாவில் எல்லோரும் அதை "பகி" என்றுதான் சொல்வார்கள். பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற வருஷம் அது. கரண்டில் ஓடுகிற வண்டி என்றால் கவலையில்லை என்று நினைத்திருக்கிறார்கள். அதே வருஷம் மார்ச் கடைசியில் கரண்டும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இல்லாமல் போனது என்பது தனிக்கதை.

36 வோல்ட் வண்டி. 6 வோல்ட் பெட்டரி ஆறு வரிசையாக. மோட்டார் சீரிஸ் வகை. வேகத்தைக் கட்டுப்படுத்த எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. மிதியடியோடு ஒரு செம்புத் தொடுகை நகரும், அது தடிமனான தடைக்காயில்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கும், கழற்றும். பழைய காலத்து ஏற்பாடு. பழுது பார்க்கிறவனுக்கு இதைப் போல இதமான வண்டி இல்லை, எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் கோல்ஃப் வண்டி புல்தரைக்குப் பிறந்தது. நுவரெலியாவில் 1889-இல் தொடங்கிய கோல்ஃப் கிளப் இருக்கிறது. அந்த மைதானத்திலும் மேடு பள்ளம் உண்டுதான், ஆனால் நான்கு பேரையும் ஐந்து பெட்டியையும் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் 30 மீட்டர் உயரம் யாரும் ஏறுவதில்லை.

நான் செய்த கோளாறு இதுதான். மிதியடியை மிதித்ததும் "டிக்" என்று அடித்து மோட்டாருக்குக் கரண்டு விடும் சொலினாய்ட் செத்துப் போயிருந்தது. சரியான 36 வோல்ட் சாமான் கொழும்பிலிருந்து வர ஒரு கிழமை என்றார்கள். பங்களாவில் அந்த வார இறுதிக்கு அறைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. மெனேஜர் சேர் இரண்டு தடவை போன் எடுத்துவிட்டார். கராஜில் லொறி ஸ்டார்ட்டர் சொலினாய்ட் ஒன்று கிடந்தது, 24 வோல்ட். மாட்டினேன், டிக் என்றது, வண்டி ஓடியது, காசு வாங்கினேன்.

ஸ்டார்ட்டர் சொலினாய்டின் காயில் ஐந்து பத்து வினாடி வேலைக்குச் செய்தது. லொறி ஸ்டார்ட் ஆனதும் அதற்கு ஓய்வு. பகியில் மிதியடி மிதிபட்டிருக்கும் வரை காயிலில் கரண்டு ஓடிக்கொண்டே இருக்கும், அதுவும் 24 கேட்பதற்கு 36. வெந்துவிட்டது. இது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்துதான் செய்தேன், "நாலு நாள்தானே" என்று.

அடுத்த நாள் காலை ஃபிட்டர் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மாமா முப்பது வருஷம் தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ஃபிட்டர். தோட்டத்து ஸ்டோர்களில் தாத்தா காலத்து ரோலர்கள் இன்னும் சுற்றுகின்றன என்றால் மாமா மாதிரி ஆட்கள்தான் காரணம். புது சாமான் கேட்டு எழுதிப்போட்டால் வருவதற்குள் கொழுந்து கருகிவிடும். அதனால் கையில் கிடைத்ததை வைத்து அன்றைக்கு ஓட்டிவிட வேண்டும். ஒட்டுவேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதனால் என்னைத் திட்டமாட்டார் என்று நினைத்தேன்.

சொலினாய்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே வண்டிக்கடியில் படுத்தார்.

"பிரேக் ஏன் பிடிக்கல? அத மொதல்ல சொல்லு தம்பி."

பகிக்கு முன் சக்கரத்தில் பிரேக் கிடையாது. பின்னால் இரண்டு டிரம், மிதியடியிலிருந்து வரும் ஒரு கம்பி நடுவில் ஒரு தராசுக் கட்டையில் பிரிந்து இரண்டு கேபிளாகப் போகும். அந்தத் தராசுக் கட்டையைக் கோர்க்கிற "பின்" (இரும்பு ஊசி) இருக்க வேண்டிய இடத்தில் கூரைத் தகரத்துக்கு அடிக்கிற ஆணி ஒன்று மடக்கி வைக்கப்பட்டிருந்தது. பாதி தேய்ந்து, வில் மாதிரி வளைந்திருந்தது. மாமா அதைக் கையாலேயே உருவி என் உள்ளங்கையில் வைத்தார்.

"இத நீ வச்சியா?"

"இல்ல மாமா."

"வண்டிய வாங்கி ஓடவிட்டப்ப பாத்தியா?"

பார்க்கவில்லை. சொலினாய்ட் என்று சொன்னார்கள், சொலினாய்டை மட்டும் பார்த்தேன். சீரிஸ் மோட்டார் வண்டியில் இறக்கத்தில் மிதியடியை விட்டால் மோட்டார் எதையும் பிடித்து நிறுத்தாது, சும்மா சுற்றும். வேகம் கூடினால் ஆர்மெச்சர் செம்புக்கட்டைகளே பிய்ந்து பறக்கும். ஆக அந்த மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் விருந்தாளிகளின் உயிர் ஒரு ஆணியில் தொங்கியிருக்கிறது. அன்றோடு வண்டியை நிறுத்தினோம். மெனேஜர் சேருக்கு முகம் சுருங்கியது. ஆணியைக் காட்டினேன். பேசாமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வண்டியை ஒவ்வொரு பலகையாகக் கழற்றினோம். ஒட்டு மேல் ஒட்டு. யார் யார் எப்போது செய்தது என்று தெரியாது.

பெட்டரிகளை இணைக்கிற கேபிள்களில் இரண்டு செம்பே இல்லை, வீட்டுக்குக் கரண்டு வருகிற அலுமினிய சர்வீஸ் வயரை இரண்டாக முறுக்கிப் போட்டது. கம்பி நுனியில் மாட்டுகிற லக் சுத்தியலால் தட்டி நசுக்கியது. ஆறு பெட்டரியில் இரண்டை எடுத்துவிட்டு ஒரு 12 வோல்ட் லொறி பெட்டரி. ஹார்னுக்கும் லைட்டுக்கும் முதல் இரண்டு பெட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்திருந்தார்கள், அதனால் அந்த இரண்டும் மற்றதை விடச் சீக்கிரம் காய்ந்து, சார்ஜில் மற்றவை நிரம்புகிற அளவுக்குக்கூட நிரம்பாமல் பசியோடே இருந்திருக்கின்றன. முன்னும் பின்னும் மாற்றுகிற சுவிட்சின் தொடுகைகள் கருகி உருகிப் பள்ளம் விழுந்திருந்தன. ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு பழைய பத்து ரூபாய் காசை வாஷராக வைத்து அழுத்தத்தைக் கூட்டியிருந்தார் ஒரு புண்ணியவான். காசு வேலை செய்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும்.

முன் சக்கரத்துக்கு த்ரீவீலர் டயர் போடப் பார்த்த தடயமும் இருந்தது. இரண்டுக்கும் ரிம் விட்டம் 8 அங்குலம்தான், அதைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள். த்ரீவீலருக்கு 4.00-8, பகி டயர் 18x8.50-8, ரிம்மே ஏழு அங்குல அகலம். டயர் உட்காரவே உட்காராது. ரிம் விளிம்பில் லீவர் கீறல்கள் மட்டும் மிச்சம்.

எல்லா ஒட்டும் ஒரே புகாருக்கு என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. "வண்டி மேடு ஏறாது." ஒருவர் கேபிளை மாற்றினார், ஒருவர் பெட்டரியை மாற்றினார், ஒருவர் காசு வைத்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு மாதம் ஏறியிருக்கும்.

அளந்து பார்க்காமல் இனிக் கை வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். பிரேக்கைத் தற்காலிகமாக ஒரு சரியான அளவு போல்ட்டும் பூட்டு நட்டும் போட்டு இறுக்கினோம், பின்னால் மாமா மரக்கட்டையோடு நடந்து வந்தார், ஆள் ஏற்றாமல் சீமெந்து மூட்டை எட்டு ஏற்றினோம். கிளாம்ப் மீட்டரில் நேர் ஏற்றத்தில் 100 அம்பியர், இரண்டாவது வளைவில் 180-ஐத் தாண்டியது. வண்டி இழுக்கிற நேரத்தில் ஒவ்வொரு இணைப்பின் இரண்டு பக்கமும் மல்டிமீட்டர் முனையை வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்தான் காட்டும். அலுமினியக் கம்பி ஒன்றின் லக்கில் 1.4 வோல்ட். 100 அம்பியரில் அது 140 வாட். ஒரே ஒரு லக்கில் ஒரு பெரிய பல்பின் சூடு. கை வைத்தால் கொப்பளிக்கும். எல்லா இணைப்பையும் கூட்டினால் மூன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது, 36-இல் பத்தில் ஒன்று.

கேபிளை மாற்றினால் முடிந்தது என்று நான் சந்தோஷப்பட்டபோது மாமா ஷெட்டில் சார்ஜர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். காதைச் சாய்த்து.

"இது ஏன்டா இப்பிடி மொனகுது?"

சார்ஜர் அமெரிக்காவில் செய்தது. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடைய 230-ஐ 110 ஆக்க பக்கத்தில் ஒரு டிரான்ஸ்ஃபோமர் வைத்திருந்தார்கள். வோல்ட் சரியாகிவிட்டது, எல்லோரும் அதோடு விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தக் காலத்துச் சார்ஜருக்குள் இருப்பது கெப்பாசிட்டரோடு ஒத்திசைந்து வேலை செய்கிற ஒரு கனமான டிரான்ஸ்ஃபோமர். அதன் வெளியீடு வோல்ட்டை விட ஹெர்ட்ஸைத்தான் நம்பி நிற்கும். நம்முடைய லைன் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபோமர் போட்டு ஹெர்ட்ஸை மாற்ற முடியாது. இராத்திரி முழுக்கப் போட்டுவிட்டுக் காலையில் பார்த்தேன்: 40.6 வோல்ட். 36 வோல்ட் என்றால் உள்ளே 2 வோல்ட் செல் 18, பகிர்ந்தால் செல்லுக்கு 2.26. நிரம்பி முடிய செல்லுக்கு 2.4-க்கு மேல், மொத்தம் 44 வோல்ட் பக்கம் போக வேண்டும்.

அதோடு நம் குளிர் வேறு. கையேடுகளில் போட்டிருக்கிற கணக்கு 25 பாகை செல்சியஸுக்கு. அதற்குக் கீழே ஒவ்வொரு பாகைக்கும் செல்லுக்கு 0.005 வோல்ட் கூட்டிக் கொடுக்க வேண்டும். எங்கள் ஷெட்டில் விடியற்காலை 15 பாகை என்றால் 18 செல்லுக்கு 0.9 வோல்ட் அதிகம் வேண்டும். கொழும்பில் அரை வயிறு சாப்பிட்ட பெட்டரி இங்கே கால் வயிறு.

ஆசிட்டின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தேன். நிரம்பிய செல்லில் 1.275 பக்கம் இருக்க வேண்டியது, நல்லதில் 1.210, மோசமானதில் 1.140. குளிருக்கு இன்னும் 0.008 கழிக்க வேண்டும். வருஷக்கணக்கில் நிரம்பாமலே கிடந்த தகடுகளில் சல்பேட் கல்லாகிவிட்டது. அத்தோடு தண்ணீர் விட்டவர் வடித்த தண்ணீருக்குப் பதிலாக மலையூற்றுப் பீலித் தண்ணீரை விட்டிருக்கிறார். அப்பு ஒத்துக்கொண்டார். "நல்ல தண்ணி தானே தம்பி, குடிக்கிற தண்ணி." குடிக்க நல்ல தண்ணீர்தான்.

ஆக முதல் ஒட்டு அந்த டிரான்ஸ்ஃபோமர். அதற்கு மேல் கட்டியதுதான் மற்றதெல்லாம். ஒட்டுப்போட்டதை நான் குறை சொல்லவில்லை, நானே போட்டவன். எங்கேயும் ஒரு குறிப்பு இல்லை என்பதுதான் என்னைக் கொன்றது. மாமா ஸ்டோரில் ஒட்டுவேலை செய்தால் பக்கத்திலேயே சிவப்புப் பெயின்டில் தேதி எழுதுவார், எப்போது மாற்ற வேண்டும் என்றும். அடுத்து வருகிறவனுக்கு இது மிஷினோடு பிறந்ததில்லை என்று தெரியும். இந்தப் பகியில் எல்லா ஒட்டும் கம்பெனி சாமான் மாதிரி வேஷம் போட்டு உட்கார்ந்திருந்தன.

மெனேஜர் சேரிடம் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். பெட்டரி விலையைப் பார்த்ததும், "இன்வேட்டர் பெட்டரி மூணு போட்டா என்ன, பாதி விலைதானே?" என்றார். நியாயமான கேள்வி. 12 வோல்ட் மூன்று போட்டால் 36 வந்துவிடும். ஆனால் வீட்டு இன்வேட்டருக்கு வருகிற டியூபுலர் பெட்டரி பத்து இருபது அம்பியரை மணிக்கணக்கில் மெதுவாகக் கொடுக்கப் பழகினது. வளைவில் 180 கேட்டால் வோல்ட் தொபுக்கென்று விழும். உயரமும் கூட, சீட் மூடாது. லொறி பெட்டரி இதற்கு நேர் எதிர், ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவும் கொடுக்கும், ஆழமாகக் காலி செய்தால் மெல்லிய தகடு சில மாதத்தில் உதிரும். இரண்டு முதலாளி மீட்டிங்குக்குப் பிறகு ஆறு டீப் சைக்கிள் பெட்டரிக்கும் 50 ஹெர்ட்ஸுக்கான புது சார்ஜருக்கும் சம்மதம் வந்தது. சாமான் வர ஒன்பது கிழமை.

அந்த ஒன்பது கிழமையும் வண்டி சும்மா நிற்கவில்லை, ஆள் ஏறக்கூடாது, பெட்டி மட்டும் என்று பேசிக்கொண்டோம். சீட்டின் மேல் ஒரு படங்கைக் கட்டினேன், பையன்கள் ஏறிவிடாமல். அதிலேயும் சிவப்புப் பெயின்ட்.

பிரேக்கில் மட்டும் பேரம் இல்லை. ஷூவை ஹட்டனில் கொடுத்து லைனர் புதிதாக ஒட்டினோம், டிரம்மை லேத்தில் ஒரு சீவு சீவினார்கள், இரண்டு கேபிளும் பழையதை அளவுக்கு வைத்துப் புதிதாகச் செய்தது, ஆணி இருந்த இடத்துக்கான பின்னை எஃகில் கடைந்து, கழன்றுவிடாமல் கொட்டர் ஊசி போட்டது. கடைசி நாள் அதே இரண்டாவது வளைவில் சீமெந்து மூட்டையோடு நிறுத்தி, மாமா பத்து நிமிஷம் பின்னால் நின்று பீடி குடித்தார். மரக்கட்டை கையிலேயே இருந்தது, கீழே வைக்கவில்லை. வண்டி அசையவில்லை.

கேபிளுக்கு 25 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் வயர் வாங்கினேன். வளையும், இழைகள் மெல்லியவை, எந்த ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கும். லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தினேன். சுத்தியல் வேலை வேண்டாம், ஈயம் மட்டும் ஊற்றி விடுவதும் வேண்டாம், சூட்டில் இளகிவிடும். தட்டு முழுக்க ஆசிட் தின்ற துரு, அப்பச் சோடாவைக் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு எழும்பும், நுரை அடங்கும் வரை ஊற்றிக் கழுவிப் பெயின்ட் அடித்தேன். பெட்டரி மேல் வேலை செய்யும்போது ஸ்பேனரின் வாலில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். சொலினாய்ட் இந்தத் தடவை 36 வோல்ட், தொடர்ந்து ஓடக் கூடியது, காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடும் போட்டேன்.

இப்போது என் மூக்கு உடைந்த இடம். முன் லீஃப் ஸ்பிரிங்கின் கண்ணில் புஷ்ஷுக்குப் பதிலாக யாரோ கறுப்பு ரப்பர்ப் பட்டையைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். எல்லாவற்றையும் முறைப்படி செய்கிற வேகத்தில் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, லேத்தில் நைலோன் புஷ் கடைந்து போட்டேன். அழகாக இருந்தது, போட்டோ கூட எடுத்தேன். ஆறு கிழமையில் கீச்சிட ஆரம்பித்தது, கல் பாதையின் மண்ணும் ஈரமும் உள்ளே போய் அரைத்து, ஆட்டம் பழையதை விட அதிகம். மாமாவிடம் காட்டினேன். எறிந்த ரப்பரைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து திருப்பிப் பார்த்தார், உட்புறம் கென்வஸ் நெசவு.

"இது ஸ்டோர் பெல்ட்டுடா. லைன் ஷாஃப்ட்டுல ஓடுனது. இத வச்சவன் வேலக்காரன்."

அந்தப் பழைய பெல்ட்டில் இன்னொரு துண்டு வெட்டிச் சுருட்டிப் போட்டோம். ஒரு சத்தமும் இல்லை.

பெட்டரி வந்த பிறகு அதே சோதனை. இணைப்புகள் எல்லாம் சேர்த்து அரை வோல்ட்டுக்குள். காலையில் சார்ஜர் 45-ஐத் தொட்டுவிட்டு நிற்கிறது. காசு செலவில்லாமல் கிடைத்த ஒரு முன்னேற்றமும் உண்டு. ஓட்டுகிற பையன் மேட்டில் பெட்டரியை மிச்சப்படுத்துவதாக நினைத்துப் பாதி மிதிதான் மிதிப்பான். இந்த வகை வண்டியில் பாதி மிதி என்றால் கரண்டு தடைக்காயில் வழியாகப் போகிறது, மேட்டில் அது அடுப்புக் கம்பி மாதிரி சிவக்கும். முழுக்க மிதித்தால் காயில்கள் விலகி நேரே மோட்டாருக்குப் போகும். சீட்டைத் தூக்கி வைத்து, இருட்டில், சிவப்பை அவனுக்குக் காட்டினேன். அதற்குப் பிறகு முழு மிதிதான்.

36-ஐ 12 ஆக்கிக் கொடுக்கிற ரெடியூசர் மட்டும் இன்னும் வரவில்லை. அதுவரை ஹார்னும் லைட்டும் பழையபடி முதல் இரண்டு பெட்டரியில்தான். பக்கத்தில் என் கையெழுத்தில் சிவப்புப் பெயின்டில் தேதி எழுதியிருக்கிறேன். அந்தத் தேதி தாண்டி மூன்று கிழமை ஆகிறது. நேற்று மாமா பங்களாப் பக்கம் போனவர் அதைப் பார்த்துவிட்டாராம், அப்பு சொன்னார். இன்றைக்குக் காலையில் இருந்து என் போனை அவர் எடுக்கவில்லை.